கரியலில் இருக்கப் போவது யார்

மின்சாரச் சைக்கிள் செய்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இரும்புச் சட்டத்தை எந்தக் கோணத்தில் வளைப்பது, எந்த மோட்டருக்கு எந்தப் பற்றரி என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை என்னைவிட உங்கள் கணினிக்கு நன்றாகத் தெரியும். அது என்னைப்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவதும் இல்லை. ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் அவன் தன் வெற்றிகளைச் சொல்லுவான் என்று எதிர்பார்ப்பார்கள். அதற்கு வேறு ஆளைத்தான் பிடிக்க வேண்டும். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பட்டறை களுதாவளைக்குப் பக்கத்தில், பிரதான வீதியோரம், முன்பு நெல் அடுக்கி வைத்த ஒரு கட்டடத்தில் இருந்தது. பெண்கள் வசதியாக ஓட்டக்கூடிய மின்சாரச் சைக்கிள் ஒன்றை உருவாக்கித் தரும்படி கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது. செலவு அவர்களுடையது. வடிவமைப்பு என் பொறுப்பு. நான் கைச்சாத்திடாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை வாசித்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. மனிதன் எதற்கெல்லாம் பெருமைப்படுவான் என்பதற்கு எல்லையில்லை.

பெண்களுக்கு எது வசதி என்று ஆராய்ந்த குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அதிலே முக்கியமானவன் றொனி, எங்கள் வெல்டர். மட்டக்களப்பு டவுனைச் சேர்ந்த பறங்கியன். அவனுடைய வயிறு எந்த வெல்டிங் கண்ணாடிக்கும் பின்னால் ஒளிக்க முடியாதது, வாய் அதைவிடப் பெரியது. சேலை சக்கரத்தில் சிக்குமா என்று பார்ப்பதற்காக நான் மனைவியின் சேலையைக் கட்டிக்கொண்டு பட்டறை முற்றத்தில் வட்டமடித்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து ஓடுங்க," என்றாள்.

அக்கறை என்று நினைத்தேன். "விழமாட்டன்," என்றேன்.

"நீங்க விழுந்தா எழும்புவீங்க. அது எண்ட கலியாணச் சேலை."

சேலை சிக்கவில்லை. ஆசனம் அகலமானது. கைபிடி உயரமானது, குனிய வேண்டாம். சட்டம் தாழ்வானது, காலைத் தூக்கிப் போட வேண்டாம். சட்டம் தாழ்ந்துபோனதால் பற்றரிப் பெட்டிக்கு இடமில்லை. அதைத் தூக்கிப் பின்னால், சக்கரத்துக்கு மேலே இருக்கிற கரியலில் பூட்டினோம். வரைபடம் அழகாக இருந்தது. அதில் ஒரு பெண் தனியாக, காற்றில் முடி பறக்க, எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணை நான் இந்த மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் எங்கும் கண்டதில்லை. அது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

எட்டாமல் போனதுதான் விசேஷம். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும். கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் போய்ச் சேருவான். மாமியார் அவனுக்கு முன்னமே அங்கே இருப்பார், அவனுக்குப் பின்னும் இருப்பார். தாய்க்கு நோய் வருத்தம் வந்தால் மகள்தான் ஏற்றிக்கொண்டு ஓடுவாள். குழுவில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் மாமியார் வீட்டில் இருந்து சோறு தின்றுவிட்டு வேலைக்கு வருகிறவர்கள். ஒரு பெண்ணின் சைக்கிளில் பின்னால் இருப்பது யார் என்று எங்களுக்குத் தெரியாது என்றால், உலகத்தில் வேறு எவனுக்குத் தெரியும்?

முதல் தொகுதி முடிந்து, கையளிப்பு விழாவுக்கு முதல் நாள், வண்டிகள் ரிப்பன் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. பின்னேரம் யோகமலர் வந்தாள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூர்ப் பக்கத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. விழாவில் வண்டி பெறவிருந்த பெண்களில் ஒருத்தி. பழைய பெடல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கரியலில் அவளுடைய தாய் பூரணம்மா, முழங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்ரரோடு, சாம்பல் பூத்த முகத்தோடு சாய்ந்திருந்தார். கிட்னி வருத்தம். கிழமையில் இரண்டு தரம் துறையால் பாதையில் ஏறி வாவியைக் கடந்து, எழுவான்கரை ஆஸ்பத்திரிக்கு வந்து டயலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற தட்டையான படகை.

யோகமலர் புது வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தாள். ஆசனத்தை அமத்தினாள். கைபிடியைப் பிடித்தாள். பிறகு பின்னால் வந்து கறுப்புப் பெட்டியின்முன் நின்றாள்.

"சேர், இதில பெட்டி இரிக்கி. அம்மாவ எங்க வைக்கிற?"

நான் மேசையில் கிடந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மௌனம் றொனிக்கு ஒத்துவராது.

"முன்கூடைக்குள்ள வைக்கலாம்," என்றான்.

பூரணம்மா கண்ணைத் திறந்து அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "முதல்ல உன்ன வைச்சிப் பாப்பம் மகன். கூடை தாங்கினா மறுகா நான் ஏறுறன்."

எல்லோரும் சிரித்தோம். யோகமலர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டிக்குமேல் ஒரு பலகையும் மெத்தையும் வைத்தால் ஆள் இருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதைச் சோதிக்காமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. "அம்மாட பாரம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"போகேக்க கூட, வரேக்க குறைய," என்றாள் அவள். "உடம்பில தேங்கின தண்ணிய அங்க எடுத்திருவாங்க. வரேக்க லேசு, ஆனா அப்பதான் கச்சான் காத்து மூஞ்சில அடிக்கும். ஆளும் சாஞ்சு சாஞ்சு விழும்."

அவர்கள் பாதைக்கு நேரமாகிவிட்டது என்று போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவருக்கு இருக்கும் பாரத்துக்கு நாங்கள் ஒரு மூட்டையில் நெல்லைக் கட்டி, பலகையில் ஏற்றினோம். றொனி அந்த வண்டியை வாவிக்கரைக்குப் போகிற மண்ரோட்டில் ஓட்டினான். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனேன். மதகுத் திட்டில் ஏறி இறங்கும்போது நகத்தைக் கடித்ததுபோல ஒரு சின்னச் சத்தம். இறங்கிப் பார்த்தோம். கரியலும் சட்டமும் சேருகிற இடத்தில் முடியளவு ஒரு வெடிப்பு.

றொனி குந்தியிருந்து விரலால் தடவினான். "எண்ட வெல்டிங் விடல்ல, சேர். பக்கத்தில குழாய்தான் கிழிஞ்சிரிக்கி." அவனுக்கு அது முக்கியம். எனக்கும்தான். ஆனால் விழப்போகிற ஆளுக்கு அதில் என்ன வித்தியாசம்?

கொழும்பு அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்த அம்மையார் கெட்டவர் அல்ல. விழாவுக்கு ஆட்களை அழைத்துவிட்ட ஒருவர் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். வண்டி ஒருவருக்கென்று செய்தது, 'ஒருவர் மட்டும்' என்று ஸ்ரிக்கர் ஒட்டிவிடுங்கள், பிறகு ஏற்றினால் அது ஓட்டுபவரின் பொறுப்பு, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார். நாளை கையளிக்காவிட்டால் அடுத்த தொகுதி இருக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

பட்டியலில் இருந்த மற்றப் பெண்களுக்கு ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டோம்: பின்னுக்கு யாரை ஏற்றுவீங்க? ஒருத்திக்குப் பிள்ளை, ஒருத்திக்குத் தங்கை, ஒருத்திக்கு மீன்பெட்டி. தனியாக ஓடப்போகிறவள் என்று ஒருத்தியும் இல்லை. கடைசியாகப் பேசிய பெண், "தனியப் போறதெண்டா நான் ஏன் சைக்கிள்ல போறன், நடந்து போவனே," என்றாள். நாங்கள் செய்த ஆராய்ச்சி முழுவதையும் அவள் அந்த ஒரு வசனத்தில் மூடிவிட்டாள்.

இளையவர்களே, நான் ஸ்ரிக்கரை எதிர்த்து நின்ற வீரன் என்று இதற்குள் நினைத்திருப்பீர்கள். பொறுங்கள். என்னோடு வாதாடியவன் றொனி. அவன் சொன்னதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

"ஒட்டிக் குடுப்பம், சேர்," என்றான். "நாம குடுக்காட்டி அந்த மனிசி வீட்டில இரிக்கப் போகுதா? மகள்ட பெடல் சைக்கிள்லதான் வரப்போகுது. கச்சானுக்கு எதிரா அந்தப் புள்ள மிதிச்சு மிதிச்சுச் சாகும். அது என்ன பாதுகாப்பு?"

"வெடிப்பக் கண்டாப் பிறகு எப்பிடிக் குடுக்கிற?"

"மெதுவா ஓடினா வெடிக்காது."

"கச்சான் அடிக்கேக்க, தாய் சாஞ்சு விழேக்க, பாதை போயிரும் எண்டு ஓடேக்க ஆர் மெதுவா ஓடுற?"

அவன் வெடிப்பை இன்னொருதரம் விரலால் தடவினான். பிறகு, "நல்ல வண்டி செய்து முடிக்கேக்க அதில ஏற அந்த மனிசி இரிக்கணும், சேர்," என்றான்.

இப்படியான நேரங்களில் உங்களுக்குக் கணக்கு உதவாது. ஒரு பக்கம் நிச்சயமான கஷ்டம், மறுபக்கம் நடக்கலாம் என்கிற ஆபத்து. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது. போட்டேன் என்று சொல்லுகிறவனை நம்பாதீர்கள்.

மறுநாள் காலையில் பந்தலுக்குக் கீழே கதிரைகள் நிரம்பிவிட்டன. யோகமலர் தனியே வந்திருந்தாள். வெடிப்பு, ஸ்ரிக்கர் பற்றிய செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. என்னைப் பட்டறையின் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"ஸ்ரிக்கர ஒட்டுங்க சேர். நான் எழுத்துத் தெரியாதவள் எண்டு வைச்சுக்குவம்."

பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்குகிறவள் இதைச் சொன்னாள்.

"உடைஞ்சா?" என்றேன்.

"உடைஞ்சா விழுவம். இப்பவும் விழுறதான். போன கிழமை துறையடியில அம்மாவோட விழுந்தன். பாருங்க." தன் முழங்கைக் காயத்தைக் காட்டினாள். "இதில விழுந்தா வீட்டுக்குக் கெதியாப் போய்ச் சேந்து விழலாம்."

"எண்ட கையெழுத்துப் போட்ட வண்டியில அவ விழக்கூடாது, தங்கச்சி."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியதைத் திருத்துவதுபோலச் சொன்னாள். "அப்ப பயம் உங்கட கையெழுத்துக்குத்தான். எங்கட அம்மாவுக்கில்ல."

எத்தனையோ புத்தகம் வாசித்தவன் நான். மனச்சாட்சி பற்றி எழுதப்பட்டவற்றை ஒரு அலுமாரி நிறைய வைத்திருக்கிறேன். மனச்சாட்சிக்கும், பெயர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் இடையில் கோடு எங்கே ஓடுகிறது என்று அந்த அலுமாரியில் ஒருவரும் எனக்குக் காட்டித் தரவில்லை. கோடு தெரியாமலேதான் முடிவெடுத்தேன். கைச்சாத்திடவில்லை.

கொழும்பு அம்மையார் பேச்சை ஆற்றினார், எங்கள் முற்றத்தில் ஒரு மரக்கன்றை நட்டார், போனார். மரக்கன்றுக்கு என் கைச்சாத்துத் தேவைப்படவில்லை. நிறுவனம் கையைச் சுருக்கிக்கொண்டது. பெரிய தொகுதி சின்னத் தொகுதியானது. குழுவில் இருவர் வேறு வேலைக்குப் போனார்கள். போகும்போது ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. எனக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நானும் றொனியும் திரும்பவும் தொடங்கினோம். இந்தத் தடவை பின் ஆசனத்திலிருந்து தொடங்கி முன்னே வந்தோம். பற்றரி ஓட்டுபவரின் ஆசனத்துக்குக் கீழே, காலுக்குப் பின்னால் இறங்கியது. அதனால் சட்டம் ஒரு விரல் அளவு உயர்ந்தது, சேலைக்காரிகள் மன்னித்துவிட்டார்கள். பின்னால் சாய்மானமும் கால்மிதியும் வைத்த அகல ஆசனம். பின்சக்கரத்துக்கு மேலே சுருள்வில், இரண்டு பேரின் பாரத்துக்கு இறுக்கி.

அந்த வேலை கச்சான் காலம் முழுக்க இழுத்தது. ஆஸ்பத்திரி நாளில் யோகமலர் எங்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். போகும்போது காற்றுப் பின்னால் தள்ளும், கெதியாகப் போய்விடுவாள். திரும்புகிறபோது சைக்கிளை விட்டு இறங்கி, கரியலில் சாய்ந்திருக்கும் தாயை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் உருட்டிக்கொண்டு வருவாள். வாசலைக் கடக்கும்போது எங்கள் பக்கம் பார்க்கமாட்டாள். பூரணம்மாதான் கையைக் கொஞ்சம் தூக்குவார். நானும் தூக்குவேன். றொனி அந்த நேரத்தில் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றமாட்டான். உள்ளே வெல்டிங் எதுவும் நடந்துகொண்டிருக்காது.

வண்டி உருவானபோது பூரணம்மாவையே கூப்பிட்டு ஏற்றிப் பார்த்தோம். சாய்ந்து விழாமல் இருக்க ஒரு பட்டி வைத்திருந்தோம். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன?"

"இடுப்பில கட்டுறதுக்கு அம்மா."

"சந்தைக்குக் கொண்டுபோறத்துக்கு நான் என்ன கோழியா?"

பட்டியை எடுத்துவிட்டு, ஆசனத்தின் இரு பக்கமும் கைப்பிடி வைத்தோம். நெல்மூட்டையோடு மதகுத் திட்டில் ஏற்றி இறக்கினோம். சத்தம் இல்லை. அன்று கைச்சாத்திட்டேன். யோகமலர் வண்டியை வாங்கும்போது "நன்றி சேர்" என்றாள். பாடசாலை விழாவில் பரிசு கொடுக்கிறவருக்குச் சொல்லும் அதே நன்றி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல்தரம் ஆஸ்பத்திரியால் திரும்புகிறபோது வாசலில் நிறுத்தினார்கள். எப்படி இருக்கிறது என்று பூரணம்மாவைக் கேட்டேன்.

"ஒரு சத்தமும் இல்ல. ஆட்டமும் இல்ல," என்றார். "செத்தாப் பிறகும் இப்பிடித்தான் கொண்டுபோவாங்க போல."

"சும்மா இரியம்மா," என்றாள் மகள்.

"நல்லாரிக்கி எண்டுதான் சொல்லுறன்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான். மாரி தொடங்கும்வரை அவர்கள் அப்படிப் போய்வந்தார்கள். மகள் இறங்கி உருட்டியதை நான் பிறகு பார்க்கவில்லை.

மாரி அந்த வருஷம் விட்டுவிட்டுப் பெய்யவில்லை, ஒரேயடியாகக் கொட்டியது. வாவி ஏறி வயலோடு சேர்ந்தது. பாதை ஓடவில்லை. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிவருகிற வீதியும் தண்ணீருக்குள். பூரணம்மாவின் ஆஸ்பத்திரி நாள் ஒன்று தவறியது, அடுத்ததும் தவறியது. தோணி ஒன்று பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. தண்ணீர் வற்றிய பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. றொனி கேட்டுவிட்டு வெளியே போய் மழைத்தூறலில் நின்றான். ஏற அந்த மனிசி இருக்க வேண்டும் என்று முன்பு சொன்னதை அவன் திருப்பிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கச்சான் காலம் முழுவதையும் நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது ஒரு கணக்கு. ஸ்ரிக்கர் வண்டி மதகில் உடைந்திருக்கும் என்பது இன்னொரு கணக்கு. வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள், தம்பி தங்கையரே. முடிவெடுத்த பிறகு சரியா பிழையா என்று தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால், இப்போதே வேறு தொழில் பாருங்கள்.

தை மாதம் போல யோகமலர் வந்தாள். வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். துக்கம் விசாரித்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அண்டைக்கு முழுக்கச் சார்ஜ் இருந்திச்சு சேர்," என்றாள். "துறைமட்டும் கொண்டுவந்தன். அம்மா பின்னுக்குக் குடை பிடிச்சிட்டு இருந்தா. தண்ணியப் பாத்திட்டுத் திரும்பிப் போனம்."

றொனி உள்ளேயிருந்து வந்து நின்றான். அவள் வண்டியைக் காட்டினாள்.

"இப்ப வண்டி ஒரு மாதிரி, சேர். குழியில விழுந்தா என்னத் தூக்கித் தூக்கி எறியுது. முந்தி இப்பிடியில்ல. என்னவோ உடைஞ்சிரிக்கி போல."

றொனி என்னைப் பார்த்தான். வண்டியைத் தொடாமலே இருவருக்கும் தெரிந்துவிட்டது. உடைந்தது ஒன்றுமில்லை. பின்சக்கரத்துச் சுருள்வில்லை இரண்டு பேருக்கு இறுக்கியிருந்தோம். ஒருத்திக்கு அது கல்லுப்போல இருக்கும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எந்த வசனமும் சரிவரவில்லை. கடைசியில் தொழில் பேசினேன்.

"இனி தனியத்தான் ஓடுறயா, தங்கச்சி?"

கேட்டவுடனே விளங்கிக்கொண்டாள். வில்லைக் குனிந்து பார்த்தாள், பின் ஆசனத்தைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.

வில்லை இறுக்குகிற நட்டைத் திருப்பும் சாவி எங்களிடம் மட்டும்தான் இருந்தது. அடுத்து வந்த வண்டிகளில் அதைக் கையாலேயே திருப்பும்படி மாற்றிவிட்டோம். நீங்கள் இன்று செய்வதும் அந்த மாதிரிதான். ஏன் என்று கேட்டால், பாவனையாளரின் வசதிக்கு என்று எழுதியிருப்பார்கள். அப்படியும் சொல்லலாம். இப்படி ஒரு வேலைக்காக இன்னொரு பெண் எங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்பதுதான் காரணம்.

நான் நிலத்தில் குந்தியிருந்து வில்லை இளக்கினேன். றொனி வண்டியைப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறி முற்றத்தில் ஒருதரம் சுற்றி, கல்லுக் கிடந்த இடத்தில் வேண்டுமென்றே ஏற்றி, திரும்பி வந்தாள்.

"இப்ப சரி, சேர்," என்றாள். "ஆட்டமில்ல."

வண்டி சரியாகிவிட்டது என்று ஒருவர் சொல்லிக் கேட்டு, அதைப் பிழையாகவே விட்டிருக்கலாம் என்று நான் நினைத்தது அந்த ஒருதரம்தான்.